காட்டுக்குப் பக்கத்தில் இல்லாத சாதாரண ஆள், காட்டுயிர்களைப் பாதுகாக்க என்ன செய்ய முடியும்?

கேள்வியைப் பார்த்தால், கோயம்புத்தூரில் வேலை, ஊரில் அப்பா பேரில் நாலு ஏக்கர், தீபாவளிக்குத் தீபாவளி எட்டிப் பார்க்கிற ஆள் என்று தோன்றுகிறது. தப்பென்றால் மன்னிச்சுக்குங்க. சரியென்றால் ஒன்றே ஒன்று: கிளுவை முள்செடி வேலியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினவன் சொல்கிறேன்.

காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொறங்காடு. உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. எங்கள் அப்பாரு மாட்டுக்காகப் போட்டதுதான், காட்டுயிர் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. ஆனால் கௌதாரி, கீரி, உடும்பு, செம்போத்து எல்லாம் அந்த வேலியில்தான் குடியிருந்தன.

பங்காளியோடு மூன்றடித் தகராறு. கிளுவை வளர வளர அகலமாகும், அது அவர் பக்கம்தான் அகலமானதாம். சர்வேயர் வந்து கல் நட்ட சூட்டோடு, ஜேசிபி வைத்து நானூறு அடி வேலியை அரை நாளில் வழித்துவிட்டுக் கம்பிவலை போட்டேன். ஒரு தூரைப் புரட்டும்போது அடியில் சின்னக் குழி, காய்ந்த புல், அதில் கௌதாரி முட்டை ஏழு. நாலு உடைந்து வழிந்துகொண்டிருந்தது. டிரைவர் தம்பி இறங்கி வந்து பார்த்துவிட்டு "என்னங்ணா பண்றது?" என்றார். மணிக்கணக்கில் வாடகை. "ஓட்டு தம்பி" என்றேன்.

அப்புறம் விடியக்காலம் கௌதாரிச் சத்தமே இல்லை.

உடனே சிலர் "மயில் தின்ற கடலைக்கு நீ காசு தருவியா?" என்று வருவீர்கள். என் கடலையையும் மயில் தின்றிருக்கிறது சாமி, நான் ஒன்றும் சாமியார் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, கல்லெடுத்து விரட்டத்தான் முடியும். நரி இருந்தபோது மயில் முட்டை இவ்வளவு மிஞ்சாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நரியும் இப்படி ஒரு புதரில் இருந்ததுதானே?

2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமானது, 2022இல் வெள்ளோடு, 2024இல் நஞ்சராயன் குளம் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. சந்தோசம்தான். ஆனால் கொறங்காடு பட்டா நிலம். கல்குவாரிக்கு விற்றாலும் சைட் போட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

அந்தப் பங்காளி என் மகள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் போனார், அதை இங்கே எழுதக்கூடாதுதான், இருந்தாலும் எழுதுகிறேன். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் ஐயாயிரம் வைத்தவன்.

போன வருசம் மழைக்கு முன்னால் கம்பிவலை ஓரமாகவே மறுபடி கிளுவைப் போத்து (வெட்டி நடுகிற கிளை) நட்டேன். பாதி துளிர்த்தது. மீதியை ஆடு மேய்ந்துவிட்டது. படலைத் திறந்துவிட்டது யாரென்று தெரியும், சொன்னால் திரும்பவும் சர்வேயரைக் கூப்பிட வேண்டிவரும்.