கையெழுத்து போட்ட பிறகும் ‘வேண்டாம்’ எனலாம்

கேள்வி: ஆபாசப் படங்களில் முதலாளி – ஊழியர், வீட்டு ஓனர் – வாடகைக்கு இருப்பவர் என்று வரும் கதைகளைப் பெண்களுக்கு எதிரானவை என்கிறார்கள். அதெல்லாம் கற்பனைதானே? நடிப்பவர்களும் கையெழுத்து போட்டுவிட்டுத்தானே வருகிறார்கள்?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: கற்பனை பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. மனசுக்குள் ஓடும் கதையில் முதலாளியும் நீங்கள்தான், ஊழியரும் நீங்கள்தான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். அதையே படமாக எடுக்கும்போது அங்கே நிஜமான ஒரு பெண் வந்துவிடுகிறார். அவருக்குச் சம்பளமும் விமான டிக்கெட்டும் கொடுப்பவர் கதையில் வராத இன்னொரு முதலாளி. அவரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.

கையெழுத்துக்கு வருகிறேன். நகைக்கடன் தாள், ஆபரேஷனுக்கு முன் நீட்டும் தாள் என்று இதே பக்கத்தில் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். படிக்க நேரம் தராமல் வாங்கும் கையெழுத்தை நான் சம்மதமாக ஏற்பதில்லை. ‘படிக்காதது அவங்க தப்பு’ என்று எழுதுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

அமெரிக்காவில் சான் டியாகோவில் நடந்ததைப் பாருங்கள். ஓர் ஆபாச இணையதளத்தை நடத்தியவர்கள், மாடலிங் வேலை என்று விளம்பரம் கொடுத்து இளம்பெண்களை வரவழைத்தார்கள். வீடியோ இன்டர்நெட்டில் வராது, வெளிநாட்டில் டிவிடியாக மட்டும் போகும் என்றார்கள். சந்தேகப்பட்டவர்களிடம், ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று போனில் சொல்லவே வேறு பெண்களுக்குக் காசு கொடுத்து வைத்திருந்தார்கள். அவசர அவசரமாக நீட்டிய ஒப்பந்தத்தில் இணையதளத்தின் பெயரே இல்லை. வீடியோக்கள் நேராக இன்டர்நெட்டுக்குத்தான் போயின. 22 பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரியில் நீதிமன்றம் அவர்களுக்கு ஒரு கோடியே 27 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, அந்த வீடியோக்களின் உரிமையையும் அவர்களுக்கே கொடுத்தது. தளத்தை நடத்திய மைக்கேல் பிராட் நாட்டை விட்டே ஓடி, 2022 டிசம்பரில் ஸ்பெயினில் பிடிபட்டார். 2025இல் அவருக்கு 27 ஆண்டு சிறை.

அத்தனை பேரும் கையெழுத்து போட்டவர்கள். கேமரா முன் சிரிக்கச் சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும். அந்தச் சிரிப்பை வைத்துப் பார்க்கிறவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. திரைக்கதையில் முதலாளி ஊழியரை மிரட்டுகிறாரா, கெஞ்சுகிறாரா என்பதும் இதற்கு உதவாது. சமமான இருவரின் காதல் கதையைக்கூட ஏமாற்றி எடுக்க முடியும்.

அப்படியானால் சம்மதத்தை எங்கே தேடுவது? ஆபாசப் படங்களில் நடிப்பவர்களுக்காக ஜப்பான் 2022 ஜூனில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுத்து, விளக்கியும் சொல்ல வேண்டும். கொடுத்து ஒரு மாதம் ஆகாமல் ஷூட்டிங் கூடாது. ஷூட்டிங் முடிந்து நான்கு மாதம் ஆகாமல் வெளியிடக் கூடாது. வெளியாகி ஓராண்டு வரை, காரணமே சொல்லாமல், நஷ்ட ஈடும் கட்டாமல் நடித்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் காட்சியையே செட்டில் மறுக்கலாம். இளம்பெண்களை நினைத்துப் பிறந்த சட்டம்தான். ஆனால் ஆண், பெண், வயது பார்க்காமல் எல்லோருக்கும் பொருந்தும்.

நடிப்பவர்களிலேயே பலர் இதை எதிர்த்தார்கள். காத்திருக்கும் மாதங்களில் வேலை போகிறது, வருமானம் போகிறது என்றார்கள். நியாயமான புகார். அனுபவமுள்ளவர்களுக்கு அந்தக் காலத்தைக் குறைப்பது பற்றிப் பேசலாம். ரத்து செய்யும் உரிமையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.