ஆறு தையலும் 12032 என்ற எண்ணும்

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். எங்கள் எட்டு வயதுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையில் 2 செ.மீ., முழங்காலில் 1.5 செ.மீ. கிழிந்துவிட்டது. எமர்ஜென்சியில் மொத்தம் ஆறு தையல் போட்டார்கள். மருத்துவமனை ஒரு பில், டாக்டர் குழு ஒரு பில் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டிலும் 12032 என்ற எண். விசாரித்தால் அது அடுக்குத் தையலாம். நான் பக்கத்திலேயே நின்றேன், தோலுக்கு மேலேதான் தைத்தார்கள். ஏமாற்றுகிறார்களா? தையல் பிரித்ததற்கும் தனியாகக் கேட்பார்களா?

பதில்: ஏமாற்று என்று இப்போதே சொல்ல வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது, பணம் கட்டும் முன்பே கேட்டது நல்லதாயிற்று.

இரண்டு பில் வருவது அமெரிக்காவில் வழக்கம்தான். இடம், நர்ஸ், பொருள்களுக்கு மருத்துவமனை போடும். தன் வேலைக்கு டாக்டர் போடுவார். இரண்டிலும் ஒரே எண் இருக்கலாம். டாக்டர் குழு உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் பட்டியலில், அதாவது நெட்வொர்க்கில், இல்லை என்றால் மட்டும் கவனியுங்கள்: 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி, எமர்ஜென்சிக்கு நெட்வொர்க் டாக்டருக்குக் கட்டும் பங்கை மட்டுமே உங்களிடம் கேட்கலாம்.

விஷயம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் எண் தரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சி.பி.டி. பட்டியலில் காயம் தைப்பதற்கு மூன்று தரம்: சாதாரணம், நடுத்தரம், சிக்கலானது. எத்தனை தையல் என்பது கணக்கிலேயே வராது. தரம், உடம்பில் எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், இவைதான் பேசும். ஒரே தரத்தில், ஒரே பகுதித் தொகுப்பில் இரண்டு காயம் இருந்தால் நீளங்களைக் கூட்டி ஒரே எண்ணாகப் போட வேண்டும். முழங்கையும் முழங்காலும் ஒரே தொகுப்பு. ஆக 2-உம் 1.5-உம் சேர்ந்து 3.5 செ.மீ., அதாவது 2.6 முதல் 7.5 வரையுள்ள வரிசை. கூட்டல் சரி. ஆனால் அந்த நீளத்துக்குச் சாதாரணத் தையல் 12002. உங்கள் பில்லில் இருக்கும் 12032 நடுத்தரம்.

நடுத்தரம் என்றால் தோலுக்கு அடியில் உள்ள திசுவையும் தனியாகத் தைத்திருக்க வேண்டும், அதுதான் அடுக்குத் தையல். இன்னொரு வழியும் உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: காயத்தில் மண்ணும் பொடிக்கல்லும் மிக அதிகமாகப் போய், நெடுநேரம் கழுவி எடுத்திருந்தால் ஒரே அடுக்காகத் தைத்தாலும் நடுத்தரம்தான். பையன் சரளைக்கல்லில் விழுந்தானா? டாக்டர் உட்கார்ந்து கல் கல்லாகப் பொறுக்கினாரா, வழக்கம்போல் கழுவிவிட்டுத் தைத்தாரா? நினைவுபடுத்திப் பாருங்கள்.

அப்புறம் பில்லிங் அலுவலகத்தைக் கூப்பிட்டு, வரிவரியாக எண்ணோடு உள்ள பில்லையும் டாக்டர் எழுதிய சிகிச்சைக் குறிப்பையும் கேளுங்கள். மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமை தரும் ஹிப்பா சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும். குறிப்பில் "லேயர்டு குளோஷர்" (அடுக்குத் தையல்) என்றோ, அடியில் கரையும் நூல் போட்டதாகவோ, கல்மண் எடுத்த விவரமோ இருந்தால் எண் சரி. வெறும் "சிம்பிள்", நைலான் நூல் என்று மட்டும் இருந்தால் கோடிங் ரிவ்யூ (எண் சரியா என்ற மறுபரிசீலனை) வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், அதுவரை கணக்கை ஹோல்டில் வைக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மரத்துப்போக ஊசி போட்டதற்கு டாக்டர் தனி வரி போட்டிருந்தால் அதையும் கேளுங்கள், அது தையலுக்குள்ளேயே அடக்கம். டெட்டனஸ் ஊசி தனிக் கணக்கு, அது சரி.

தையல் பிரித்ததில் ஒரு நுணுக்கம். மெடிகேர் எனும் முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ் விதியில் 12032-க்குப் பிந்தைய 10 நாள் கவனிப்பு அந்தக் கட்டணத்திலேயே அடங்கும். 12002-க்கு அப்படி நாள் கணக்கு இல்லை. தனியார் இன்சூரன்ஸ்கள் பலவும் இதையே பின்பற்றுகின்றன. எனவே 12032 என்று போட்டுவிட்டு, பத்து நாளுக்குள் பிரித்ததற்கு அதே டாக்டர் குழு தனிக் கட்டணமும் கேட்டால் விடாதீர்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்த மாமியாருக்கு விரலில் வெட்டு. பசை போட்டுத்தான் ஒட்டினார்கள். தையல் எண் போட்டிருக்கிறார்களே?

பதில்: தோலை ஒட்டும் பசையும் சாதாரணத் தையல் கணக்கில்தான் வரும். ஒட்டுப்பட்டை மட்டும் என்றால் வராது, டாக்டர் பார்த்த கட்டணம்தான். என் அம்மா இங்கே வந்திருந்தபோது தேங்காய் உடைக்கப்போய் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். மூன்று வெள்ளைப் பட்டை ஒட்டி அனுப்பினார்கள், பில்லில் சாதாரணத் தையலுக்கான 12001. பட்டையோடு எடுத்த போட்டோவையும் குறிப்பையும் அனுப்பிக் கேட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டு புதுப் பில் அனுப்பினார்கள். நீங்களும் குறிப்பில் பசையா பட்டையா என்று முதலில் பாருங்கள்.