120 வோல்ட் கித்தார் ஆம்ப்பை நம் ஊர் 230 வோல்ட்டுக்கு மாற்ற முடியுமா?

அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்பை இங்கே ஓட்ட, உள்ளே ஒயரை மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆம்ப்புக்குப் போதும். சிலவற்றில் மாற்றிக் கட்ட ஒயரே இருக்காது. எது எந்த வகை என்பதை பவர் டிரான்ஸ்ஃபார்மர்தான் சொல்லும்.

முதலில் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் பவர் கார்டை மாற்றுங்கள், அவ்வளவுதான். வெறும் 120 என்றால் திறந்து, டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி பக்கம், அதாவது மெயின் கரண்ட் நுழையும் பக்கம், எத்தனை ஒயர் வருகிறது என்று எண்ண வேண்டும். திறக்கும் முன் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். இதில் பழக்கம் இல்லையென்றால் நீங்கள் திறக்கவே வேண்டாம், வால்வு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பிரைமரியில் நான்கு ஒயர், அதாவது தனித்தனியாக இரண்டு 120 வோல்ட் சுற்று இருந்தால் வேலை சுலபம். அங்கே பேரலலாகக் கட்டியிருப்பதை இங்கே சீரிஸாகக் கட்டினால் 240 ஆகிவிடும். ஒரு சுற்றின் முடிவு மற்றதன் ஆரம்பத்தோடு சேர வேண்டும். தலைகீழாகச் சேர்த்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து, ஷார்ட் ஆனது போலக் கரண்ட் இழுக்கும். அதனால் வால்வுகளைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் முதல் தடவை ஆன் செய்வேன். பல்பு ஒரு நொடி மினுக்கி அணைந்தால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

இரண்டே கறுப்பு ஒயர் வந்தால் அது 120க்கு மட்டும் சுற்றியது. என் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் அப்படித்தான். 1970களில் செய்தது, நியூஜெர்சியில் இருக்கும் சித்தி மகன் கொண்டுவந்து கொடுத்தான். முதல் இரண்டு வருஷம் வெளியே, 230ஐ 120 ஆக இறக்கும் ஒரு 300 விஏ ஸ்டெப் டவுன் வைத்து வாசித்தேன். மீட்டரில் 120 சரியாகக் காட்டும், ஆனால் அரைமணி நேரத்தில் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைக்க முடியாது. காரணம் ஹெர்ட்ஸ். அங்கே 60, இங்கே 50. 60க்குக் கணக்குப் போட்ட கோருக்கு (சுற்றுக்குள் இருக்கும் இரும்புக்கு) அதே 120 வோல்ட்டை 50ல் கொடுத்தால் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடி, கோர் திணறிச் சூடாகும். 100 வோல்ட்டாக இறக்கினால் பாய்வு பழைய அளவுக்கு வரும், ஆனால் 6.3 வோல்ட் கேட்கும் வால்வு ஹீட்டருக்கு, அதாவது வால்வைச் சூடேற்றும் இழைக்கு, 5.25தான் போகும். ஸ்டெப் டவுன் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. எப்போதாவது வாசிப்பவருக்கு அது போதும். தினமும் மூன்று மணி நேரம் வாசிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஹாமண்ட் போன்ற நிறுவனங்கள் பல வோல்ட்டுக்கும் டேப் (சுற்றின் நடுவிலிருந்து எடுத்த ஒயர்) வைத்த டிரான்ஸ்ஃபார்மர் விற்கின்றன. தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்தால் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. உள்ளூரில் காயில் சுற்றுபவரிடம் போனேன். சுற்றச் சொன்னது இது: ஹைடென்ஷன் (வால்வுக்கான உயர் வோல்ட்) 330-0-330, அதில் பயாஸுக்கு (பவர் வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் நெகட்டிவ் வோல்ட்டுக்கு) 50 வோல்ட் டேப், ஏசியை டிசியாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபயர் வால்வுக்கு 5 வோல்ட் 1.9 ஆம்பியர். ஹீட்டருக்கு, பவர் வால்வு 6வி6 இரண்டும் 0.9, சின்ன வால்வு ஆறும் 1.8, ஆக 2.7 ஆம்பியர். அதை 4 ஆம்பியருக்கே சுற்றச் சொன்னேன். பயாஸ் டேப்பைச் சொல்ல மறந்துவிடாதீர்கள், அது இல்லாமல் ஆன் செய்தால் பவர் வால்வு இரண்டும் சிவந்துபோகும். கோரும் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற பெரியதாக வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன்.

சரி, டிரான்ஸ்ஃபார்மர் மாறிவிட்டது. அப்புறம் பலர் விட்டுவிடும் வேலைகள் இருக்கின்றன. 2 ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ் 1 ஆம்பியராக மாற வேண்டும், ஏனென்றால் வோல்ட் இரட்டித்தால் கரண்ட் பாதிதான். பின்னால் இருக்கும் அமெரிக்க சாக்கெட்டில் இனி 230 வரும் என்பதால் அதைத் துண்டித்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். பழைய ஃபெண்டர்களில் கிரவுண்ட் சுவிட்சிலிருந்து சேசிஸுக்கு (ஆம்ப்பின் இரும்புச் சட்டத்துக்கு) ஒரு 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போகும். அது ஷார்ட் ஆனால் கித்தார் கம்பியிலேயே கரண்ட் வரலாம். 1972ல் ஸ்வான்சீ மேடையில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். வயது 27. அந்தக் கண்டென்சரை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று பின் கார்டின் எர்த்தை சேசிஸில் நட்டுப் போட்டு முறுக்குங்கள். ஸ்டெப் டவுனோடு நிறுத்திக்கொண்டாலும் இதைச் செய்யுங்கள், கடையில் கிடைக்கும் பல ஸ்டெப் டவுன்களின் சாக்கெட்டில் எர்த்தே கிடையாது.

பிரைமரியை 230க்குச் சுற்றாமல் 240க்குச் சுற்றச் சொன்னேன். எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் 245 வரை ஏறும். பகலில் ஹீட்டர் 6 வோல்ட், ராத்திரியில் 6.4. வால்வுக்கு இரண்டும் பத்து சதவீத எல்லைக்குள்தான். இரண்டு மணி நேரம் வாசித்த பிறகும் இப்போது டிரான்ஸ்ஃபார்மர் மேல் உள்ளங்கையை வைத்திருக்க முடிகிறது.