தூசி விழாத நேரத்தையும் சேமித்து வையுங்கள்

கேள்வி: கடலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்காக, ரோசெட்டா விண்கலத்தில் இருந்த ஜியாடா கருவியின் வால்மீன் தூசி அளவீடுகளை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே எக்செல் கோப்பாகச் சேர்த்துவிட்டேன். அளவு இல்லாத இடங்களில் சுழியம் போட்டதும் வரைபடம் ஒழுங்காக வந்தது. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் பயன்படும்படி துறையில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார் எங்கள் பேராசிரியர். இந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதுமா? – வாசகி, கடலூர்

பதில்: பென் டிரைவைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தச் சுழியங்களை எடுத்துவிடுங்கள். உங்கள் கோப்பில் உள்ள மற்ற குறைகளைப் பின்னால் வருகிறவர் கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ள முடியும். இதை முடியாது.

2015 மார்ச் 28 அன்று ரோசெட்டா, தான் ஆராய்ந்துகொண்டிருந்த 67பி வால்மீனுக்குப் பக்கத்தில், சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் பறந்தது. சுற்றிலும் மிதந்த தூசி வெயிலில் மின்னியதால், விண்மீன்களைப் பார்த்துத் திசை அறியும் கேமராக்கள் குழம்பிப்போயின. விண்கலம் தற்காப்பு நிலைக்குப் போனது, அறிவியல் கருவிகள் தாமாகவே அணைந்தன. அந்த இடைவெளியில் சுழியம் போட்டு வரைந்தால், தூசி திடீரென்று நின்றுவிட்டது என்று வரைபடம் சொல்லும். நடந்ததோ நேர்மாறு. கருவி நின்றதற்கே தூசிதான் காரணம். 1986 மார்ச் 14 அன்று ஹாலி வால்மீனை 596 கிலோமீட்டர் தொலைவில் கடந்த ஜியோட்டோ விண்கலத்துக்கும் இப்படித்தான் ஆனது. மிக நெருங்குவதற்குச் சில விநாடிகளே இருந்தபோது ஒரு பெரிய துகள் மோதிக் கலம் தள்ளாடியது. பூமியுடனான தொடர்பு முழுமையாகத் திரும்பச் சுமார் அரை மணி நேரம் பிடித்தது.

அளவு ஏன் இல்லை என்பதையும் குறித்து வைக்க வேண்டும் என்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடந்து போவதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தில், 1761இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் நடுக்கடலிலேயே நின்றுவிட்டார். கப்பலில் இருந்தபடி வெள்ளியைப் பார்த்தார், ஆனால் ஆடும் தளத்தில் எடுத்த அளவுகள் கணக்குக்கு உதவவில்லை. எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கமே தங்கியிருந்து, 1769 ஜூன் 4 அன்று புதுச்சேரியில் காத்திருந்தபோது மேகம் மறைத்துவிட்டது. இரண்டு முறையும் பயனுள்ள எண் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று, பார்த்தும் நம்ப முடியாத அளவு. மற்றது, பார்க்கவே முடியாத நேரம். இரண்டையும் ஒரே காலிக் கட்டமாக எழுதி வைத்திருந்தால் அந்த மனிதர் பட்ட பாட்டில் எதுவும் நமக்கு மிஞ்சியிருக்காது.

ஆகவே உங்கள் அட்டவணையில் ‘நிலை’ என்று ஒரு தனி நெடுவரிசை சேருங்கள். கருவி இயங்கியது, துகள் விழவில்லை என்றால் அதற்கு மட்டுமே சுழியம். கருவி அணைந்திருந்தது, தரவு வந்து சேரவில்லை, அளவு வந்தும் நம்ப முடியவில்லை: இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. காப்பகக் கோப்புகளில் அளவு இல்லாத இடத்தில் -999 போல ஓர் எண் இருக்கலாம். எந்த எண், எதற்காக என்பது கூடவே வரும் லேபிள் கோப்பில் எழுதியிருக்கும். அந்த லேபிளைப் படிக்காமல் தரவைத் தொடாதீர்கள். சராசரி எடுக்கும்போது இந்த எண்ணும் உள்ளே புகுந்துவிட்டால் எல்லாம் பாழ்.

ஜியாடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. துகள் விழுந்தால்தான் அதற்கு ஒரு வரி பதிவாகும். விழாவிட்டால் வரியே இல்லை. அதனால் வரிகளை மட்டும் சேமித்தால் ‘மணிக்கு எத்தனை துகள்’ என்பதை யாராலும் கணக்கிட முடியாது. கருவி எப்போது விழித்தது, எப்போது அணைந்தது, அந்த நேரத்தில் விண்கலம் வால்மீனிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது, கருவியின் முகம் எந்தத் திசையில் இருந்தது என்பதற்குத் தனியாக ஓர் அட்டவணை வையுங்கள். துகள் பட்டியலைவிட இதைத் தயாரிக்கத்தான் அதிக உழைப்பு தேவைப்படும். செய்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அடுத்து, நிறை. ஜியாடா எந்தத் துகளையும் தனியாக நிறுத்துப் பார்க்கவில்லை. துகள் முதலில் ஒரு லேசர் ஒளித்திரையைக் கடக்கிறது. பிறகு பீசோ உணரிகள் (அதிர்வை மின்சைகையாக மாற்றுபவை) பொருத்திய ஒரு தகட்டில் மோதுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் வேகத்தைத் தருகிறது, மோதல் உந்தத்தைத் தருகிறது, உந்தத்தை வேகத்தால் வகுத்தால் நிறை. பஞ்சு போன்ற இலேசான துகள்கள் திரையில் தெரிந்தும் தகட்டில் பதியாமல் போகும். அவற்றுக்கு நிறை நெடுவரிசையில் சுழியம் போட்டால், நிறையே இல்லாத துகள் என்று ஆகிவிடும்! அதனால் ஒவ்வொரு வரியிலும் திரையில் மட்டும் தெரிந்ததா, தகட்டில் மட்டுமா, இரண்டிலுமா என்று குறித்துவிடுங்கள்.

இவை தவிர, மிக நுண்ணிய தூசிக்காக ஐந்து குவார்ட்ஸ் நுண்தராசுகள் உண்டு. தூசி படியப் படிய அவற்றின் அதிர்வெண் குறையும். ஆனால் வெப்பநிலை மாறினாலும் அதிர்வெண் மாறும். எனவே அதிர்வெண்ணை மட்டும் எடுத்துவிட்டு வெப்பநிலையை விட்டுவிடக் கூடாது. மூலத் தரவு, அளவுத்திருத்தம் (கருவி தந்த எண்ணை உண்மையான அளவாக மாற்றுவது) செய்தது, நீங்கள் கணக்கிட்டு வருவித்தது என்று மூன்றையும் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்து, கணக்கிட்ட நிரலையும் பக்கத்திலேயே வையுங்கள். நாளை யாராவது அந்தத் திருத்தத்துக்கான எண்ணை மாற்றினால், திரும்பக் கணக்கிட அது இருந்தால்தான் முடியும்.

எக்செல் வரைபடம் போட நல்லது, சேமிப்புக்கு வேண்டாம். நேரத்தைத் தன் விருப்பப்படி மாற்றும், எண்களின் முன்னால் உள்ள சுழியங்களைத் தின்றுவிடும். விண்கலத்தின் உள் கடிகாரம் காட்டும் எண்ணில் இது பெரிய ஆபத்து. அதில் புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் அல்ல. ஒரு விநாடியை 65536 பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்பது. 32768 என்று இருந்தால் அரை விநாடி. இதைத் தசமமாகப் படித்தால் நேரம் தப்பாகும், துகள்களின் வரிசையே மாறிப்போகலாம். காற்புள்ளியால் பிரித்த சாதாரண சிஎஸ்வி உரைக் கோப்பாக வைத்து, யுடிசி எனும் உலகப் பொது நேரம், கடிகார எண் இரண்டையும் எழுத்துச் சரமாகவே விடுங்கள். மணிக்கணக்கில் சராசரி எடுத்ததை மட்டும் சேமிப்பதும் கூடாது. 2004இல் வைல்டு 2 வால்மீனைக் கடந்த ஸ்டார்டஸ்ட் விண்கலத்தின் மீது தூசி சீராகப் பொழியவில்லை, கொத்துக் கொத்தாக வந்து மோதியது. நேரத்தை நுணுக்கமாகப் பதிந்து வைத்திருந்ததால்தான் அது தெரிந்தது.

சரி, பென் டிரைவ். மூலத் தரவு மாட்ரிட் அருகே உள்ள ஐரோப்பிய விண்வெளி முகமையின் காப்பகத்திலும், நாசா கோள் தரவு அமைப்பின் சிறுபொருள் பிரிவிலும் பத்திரமாக இருக்கிறது. அதை நீங்கள் காப்பாற்றத் தேவையில்லை. தொகுப்பின் முழுப்பெயர், பதிப்பு எண், இறக்கிய தேதி மூன்றையும் எழுதி வைத்தால் போதும். காப்பாற்ற வேண்டியது நீங்கள் சேர்த்தவை: நிலைக் குறியீடுகள், இயங்கிய நேர அட்டவணை, நிரல், விளக்கக் குறிப்பு. ஒரு பிரதி துறைக் கணினியில் இருக்கட்டும். தானே புயலைப் பார்த்த ஊர் உங்களுடையது, அதனால் இன்னொரு பிரதி கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கட்டும். மூன்றாவதை ஜெனோடோ என்ற இணைய ஆய்வுத் தரவுக் காப்பகத்தில் ஏற்றுங்கள். செலவில்லை, நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் ஒரு சரிபார்ப்புத் தொகையும் (செக்சம்) எழுதி வையுங்கள். பிரதி கெட்டுப்போனால் அது காட்டிக்கொடுக்கும்.

நேரம் இருந்தால், நாசா கோள் தரவு அமைப்பின் நான்காம் பதிப்பான பிடிஎஸ்4 முறையில் லேபிள் எழுதவும் பழகுங்கள். சந்திரயான்-2இன் தரவையும் இஸ்ரோ இதே முறையில்தான் வெளியிடுகிறது. பின்னால் உங்களுக்கே கைகொடுக்கும்.

ஒப்படைக்கும் முன், இந்தத் தரவைப் பார்த்தே இராத ஒரு ஜூனியரிடம் கோப்புறையைக் கொடுத்து, ஏதாவது ஒரு துகளின் நிறையையும் ஒரு நாளின் தூசி வீதத்தையும் கணக்கிடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து உதவக் கூடாது. பெரிய காப்பகங்களும் ஒரு தொகுப்பை ஏற்கும் முன் வெளி ஆய்வாளர்களிடம் கொடுத்துப் பரிசோதிக்கின்றன. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்துக்கான பதிலை விளக்கக் குறிப்பில் சேர்த்துவிட்டு, அப்புறம் பேராசிரியரிடம் கொடுங்கள்.