பிரசவ நிகழ்ச்சிகளைப் பார்க்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் லேபர் வார்டில் நர்ஸாக இருந்த காலத்தைப் பற்றி எழுதுவதை விடாமல் படிப்பவள் நான். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். எனக்கு இது ஏழாவது மாதம். தலைப்பிரசவம்.

கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சொன்னாள் என்று 'ஒன் பார்ன் எவ்ரி மினிட்' என்ற பழைய டிவி நிகழ்ச்சியைப் பார்க்க ஆரம்பித்தேன். நிஜ ஆஸ்பத்திரியில் நிஜப் பிரசவங்களைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். முதலில் கண்ணை எடுக்க முடியவில்லை. இப்போது ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒரு எபிசோடில் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தியதும் ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள். அதுவே கண்ணில் நிற்கிறது. இருந்தும் மறுநாள் அடுத்த எபிசோடைப் போட்டுவிடுகிறேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "மாசமா இருக்கிறவ பார்க்கிற காட்சியா அது? வயித்துல இருக்கிற பிள்ளை பயந்துக்கும். நல்ல பாட்டா கேளு" என்று திட்டினார். என் கணவரோ, "என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா பயம் போயிடும், பாரு" என்கிறார். பிரசவத்துக்கு அம்மா இங்கே வருகிறார், விசா கிடைத்துவிட்டது. நான் இதைப் பார்க்கலாமா, கூடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். ராத்திரியில், தனியாக, போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது கட்டாயம் வேண்டாம். வயிற்றுப் பிள்ளை பயந்துகொள்ளும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பது பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தூக்கம் வேண்டும், தைரியம் வேண்டும். அந்த இரண்டையும்தான் இந்த நிகழ்ச்சி உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதே சமயம், பார்க்க வேண்டும் என்று தோன்றியதில் தவறே இல்லை. நம் பாட்டிமார் காலத்தில் பிரசவம் வீட்டு உள்ளறையில் நடந்தது. மருத்துவச்சி வருவதும், வெந்நீர் போடுவதும், அத்தை முனகுவதும், பிள்ளை அழுவதும் அந்த வீட்டுப் பெண்களின் காதில் விழுந்தபடியே இருந்தன. இன்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 சதவீதம். இதை நான் முழு மனதாக வரவேற்கிறேன். எத்தனையோ தாய்மார்கள் உயிரோடு வீடு திரும்பியது இதனால்தான். ஆனால் ஒரு பிரசவத்தைக் கிட்டே நின்று பார்க்காமலேயே ஒரு பெண் தன் பிரசவத்துக்குப் போகிறாள் என்பதும் இதனால்தான். அம்மாவைக் கேட்டால், "அதெல்லாம் தானா நடக்கும்" என்பார். யாரும் சொல்லாவிட்டால் திரையைத்தானே பார்க்கத் தோன்றும்?

இப்போது அந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். அது சேனல் 4-இல் 2010-இல் தொடங்கியது. முதலில் சவுத்தாம்டனில் உள்ள பிரின்சஸ் ஆன் ஆஸ்பத்திரி. பிரசவ அறைகள், வராந்தா, நர்ஸுகள் உட்காரும் இடம் என்று எங்கும் கேமராக்களைப் பொருத்திவிட்டு, படப்பிடிப்புக் குழு அறைக்குள் நிற்காமல் எடுத்தார்கள். அப்புறம் லீட்ஸ், பிரிஸ்டல், லிவர்பூல், பர்மிங்ஹாம் ஆஸ்பத்திரிகளுக்கும் போனது. அதில் வரும் மிட்வைஃப்களின், அதாவது பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளின், பேச்சும் பொறுமையும் நிஜம். எனக்கு அவர்களைப் பார்க்கப் பிடிக்கும். பொய்யாக எதையும் நடித்துக் காட்டவில்லை.

குறை எதில் என்றால், நேரத்தில். ஒரு எபிசோடு விளம்பரம் போக முக்கால் மணி நேரம்தான் வரும். அதற்குள் இரண்டு மூன்று குடும்பங்களின் கதை முடிந்தாக வேண்டும். நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை எழுதும் நைஸ் அமைப்பு சொல்வதைக் கேளுங்கள்: கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்து, வலி சீராகப் பிடித்த பிறகு, தலைப்பிரசவத்துக்குச் சராசரியாக 8 மணி நேரம் ஆகும். 18 மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். இது சீரான வலி பிடித்த பிறகு உள்ள கணக்கு. அதற்கு முன்னால் வந்து வந்து போகும் வலி ஒரு முழு நாள்கூட நீடிக்கலாம். அதற்கு மேலும் போகலாம். முக்குவது தனி; தலைப்பிரசவத்தில் அதற்கு மட்டுமே ஒன்றிரண்டு மணி நேரம், சில சமயம் மூன்றும் ஆகும். இத்தனையையும் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் அடக்கினால் எது மிஞ்சும்? கத்தல் மிஞ்சும், ஓட்டம் மிஞ்சும், அழுகை மிஞ்சும்.

வெட்டிப்போட்ட அந்த நேரத்தில் என்ன இருக்கிறது என்று ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு ராத்திரி இளம்பெண் ஒருத்தி வந்தாள். தலைப்பிரசவம். சோதித்துப் பார்த்த டாக்டர், "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, நட" என்றார். அவளுடைய அம்மா பிளாஸ்கில் சுக்குக் காப்பி வைத்திருந்தார். இரண்டு பேரும் வராந்தாவில் நடந்தார்கள். வலி வரும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதன் மேல் சாய்த்து, வாயால் ஊதுவாள். அம்மா இடுப்பை அழுத்திப் பிடிப்பார். வலி போனதும் இரண்டு வாய் காப்பி. "தம்பி சாப்பிட்டானா?" என்று ஒரு கேள்வி. மறுபடி நடை. விடியற்காலையில் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் வயிற்றில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு எத்தனை வலி என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை தொட்டதும் கண் திறந்து சிரித்தாள். மதியம் பிள்ளை பிறந்தது. எந்தப் பொத்தானையும் யாரும் அழுத்தவில்லை. பிரசவத்தின் பெரும்பகுதி இப்படித்தான் கழியும், தங்கை. இதை ஒளிபரப்பினால் உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்காது.

நேரம் தெரியாமல் போனால் அதன் விளைவு பிரசவ அறையில்தான் தெரியும். டிவியில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைப் பார்த்துப் பழகியவளுக்கு, ஒன்றுமே நடக்காத நான்கு மணி நேரம் பயமாக இருக்கும். "ஏன் இன்னும் ஆகலை? ஏதோ தப்பா இருக்கு, ஏதாவது பண்ணுங்க" என்று கேட்கத் தோன்றும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதும் தன் உடம்பின் மேல் நம்பிக்கை போய்விடும். அமெரிக்கப் பிரசவ ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி 2010-இல் 'பர்த்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 85 எபிசோடுகளில் வந்த 123 பிரசவங்களை இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்திருந்தார்கள். மருத்துவத் தலையீடு இல்லாமல் பெற முடியாதவர்களாகவே பெண்களின் உடம்பு அவற்றில் பெரும்பாலும் காட்டப்படுகிறது என்றார்கள். என் பயமும் இதுதான்.

பயம் உடம்பிலும் வேலை செய்யும். நார்வேயில் 2,206 பெண்களை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், பிரசவத்தை நினைத்து மிகவும் பயந்த பெண்களுக்கு வலி அதிக நேரம் நீடித்தது. மற்ற காரணங்களையெல்லாம் கழித்த பிறகும் 47 நிமிட வித்தியாசம் இருந்தது. பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் வலியோடு இருப்பவளுக்கு 47 நிமிடம் சின்ன நேரம் இல்லை.

உங்கள் கண்ணிலேயே நிற்கிற அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஆபத்து அழைப்பு மணி. குழந்தையின் தலை வந்து தோள் மாட்டிக்கொண்டால், இதயத்துடிப்பு இறங்கி ஏறாவிட்டால், தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமானால் அழுத்துவார்கள். மணி அடித்தால் பக்கத்தில் இருக்கும் மிட்வைஃப்கள் ஓடி வருவார்கள்; தேவைக்கேற்ப பிரசவ டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் என்று மற்றவர்களும் வருவார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டே இருப்பார். தோள் மாட்டினால் முதலில் செய்வது என்ன தெரியுமா? தாயின் இரண்டு முழங்கால்களையும் வயிற்றோடு மடக்கிப் பிடிப்பார்கள், அடிவயிற்றில் எலும்புக்கு மேலே கையால் அழுத்துவார்கள். பெரும்பாலான குழந்தைகள் இதிலேயே வந்துவிடும். வந்த கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். திரையில் ஏழெட்டுப் பேர் ஓடி வந்ததைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள். எனக்கு அது ஆறுதல். யாரும் ஓடி வராத இடத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

பிள்ளை பிறந்ததும் அழுகிறதா என்று காட்டும் இடமும் அப்படித்தான். இசையை நிறுத்தி, அம்மாவின் முகத்தைக் காட்டி, நம் மூச்சைப் பிடிக்க வைப்பார்கள். நிஜத்தில் எத்தனையோ குழந்தைகள் நீலம் பாய்ந்த நிறத்தில், வழவழவென்று, கொஞ்சம் துவண்டுதான் வரும். சூடான துணியால் முதுகைத் துடைத்துத் தேய்த்தால் சில நொடிகளில் சிணுங்கும், நிறம் மாறும். கையும் காலும் அதற்குப் பிறகும் சற்று நேரம் நீலமாகவே இருக்கும். உங்கள் பிள்ளை உடனே வீறிட்டு அழாவிட்டால் ஒரு நிமிடம் பொறுங்கள், மிட்வைஃப் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

காட்டாமல் விடுகிறவை வேறும் உண்டு: நஞ்சுக்கொடி வெளியே வருவது, தையல் போடுவது, பால் கொடுக்கும்போது வயிறு சுருங்கி வலிப்பது, அப்புறம் வாரக்கணக்கில் போகும் உதிரம். குழந்தை பிறந்ததும் நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. இவற்றை உங்கள் அம்மாவிடமே கேளுங்கள். முதலில் கூச்சப்படுவார், கேட்டால் சொல்லிவிடுவார்.

கொஞ்ச நாள் கழித்துப் படபடப்பு அடங்கி, மறுபடி பார்க்க ஆசை வந்தால் பாருங்கள். பகலில், கணவரோடு. ஒவ்வொரு பிரசவத்திலும் திரையில் காட்டும் நேரத்தைக் கவனியுங்கள். "இப்ப வெட்டிட்டாங்க, நடுவுல ஆறு மணி நேரம் போயிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். எந்தப் பெண் படுத்தே இருக்கிறாள், எவள் நிற்கிறாள், முட்டி போட்டுக் குனிகிறாள் என்று பாருங்கள். மிட்வைஃப் எந்த இடத்தில் பேசுகிறார், எந்த இடத்தில் சும்மா இருக்கிறார் என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அப்போதும் படபடப்பு வந்தால் அணைத்துவிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். நிகழ்ச்சியை நிறுத்திய பிறகும் பயம் விடவில்லை, பிரசவம் என்று நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது என்றால் அடுத்த பரிசோதனையில் மிட்வைஃபிடம் நேராகச் சொல்லுங்கள். இந்தப் பயத்துக்கென்றே அங்கே ஆலோசனை தருகிறார்கள்.

இதைவிடப் பயனுள்ளது அங்கே அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். நடத்தும் பிரசவ வகுப்பு. இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள். லேபர் வார்டை முன்கூட்டியே பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். கட்டில் எங்கே, குளியலறை எங்கே, அந்தப் பொத்தான் எங்கே என்று ஒருமுறை பார்த்துவிட்டாலே பாதிப் படபடப்பு அடங்கும்.

உங்கள் கணவருக்கு ஒன்று. தெரிந்துகொண்டால் பயம் போகும் என்று அவர் சொன்னது சரிதான், ஆனால் அவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரசவத்தின்போது ஒருவர் விடாமல் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் குறைகிறது என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த சோதனைகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்காகவே உறவுக்காரப் பெண் ஒருவரைப் பிரசவ அறைக்குள் விடுகிறார்கள். நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில் உங்கள் கணவருக்கும் இடம் உண்டு, அம்மாவுக்கும் இருக்கலாம். எத்தனை பேரை அனுமதிப்பார்கள் என்று இப்போதே விசாரித்துவிடுங்கள். இடுப்பை எங்கே, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று உங்கள் கணவர் உங்கள் அம்மாவிடம் கற்றுக்கொள்ளட்டும்.

அம்மாவிடம் முன்கூட்டியே ஒரு விஷயத்தைச் சொல்லிவையுங்கள். அங்கே சிக்கலில்லாத பிரசவத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை மிட்வைஃபே பார்ப்பார், டாக்டர் எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். வலி ஆரம்பித்துப் போன் செய்தால், "இன்னும் நேரம் இருக்கிறது, வீட்டிலேயே இருங்கள்" என்பார்கள். தலைப்பிரசவக்காரியை இப்படி அலட்சியமாக விடுகிறார்களே என்று அம்மா பதறிப்போவார். இது கவனிப்பில்லாமல் செய்வது கிடையாது, அவர்கள் முறையே அப்படி என்று அவர் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே புரிய வைத்துவிடுங்கள். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். மகப்பேறு பிரிவின் நம்பரை உங்கள் போன், கணவரின் போன், அம்மாவின் போன் மூன்றிலும் பதிந்துவையுங்கள்.

அன்புடன்,
அக்கா