பாட்டெல்லாம் சரியாக இருக்கிறது, நாடகம் ஏன் இழுக்கிறது?

கேள்வி: திருச்சியில் எங்கள் அமெச்சூர் குழு ஓர் இசை நாடகம் போடுகிறது. 18 நடிகர்கள், 11 பாட்டு, ஐந்து பேர் நேரடியாக வாசிக்கிறார்கள். முதல் காட்சிக்கு இன்னும் 12 நாள். இரண்டு மணி நேரம் என்று திட்டமிட்டது முழு ஒத்திகையில் 2 மணி 45 நிமிடம் ஓடுகிறது. போன வருஷம் ஒத்திகைக் கூடத்தில் தாளத்தோடு பாடியவர்கள் ஹாலில் தாளத்துக்குப் பின்னாலேயே போனார்கள். இந்த முறையும் ஹால் முந்தின நாள் காலையில்தான் கைக்கு வரும். இரண்டாம் பாதி தொய்வாக இருக்கிறது, ஒரு பாட்டு சேர்க்கலாம் என்கிறார் இசையமைப்பாளர். மிச்சமிருக்கும் நாட்களை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: முதலில் அந்த 45 நிமிடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்த ஒத்திகையில் ஒருவரை ஸ்டாப்வாட்சோடு உட்கார வைத்து, பாட்டு, வசனம், இரண்டும் இல்லாத வெற்று நேரம் என்று மூன்றாகக் குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றாவது கணக்குதான் உங்களைத் திடுக்கிட வைக்கும். வசனம் முடிகிறது; ஹார்மோனியக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்; சுருதி கொடுக்கிறார்; பாடகி தொண்டையைச் செருமுகிறார்; பிறகு பல்லவி. பாட்டு முடிந்ததும் லைட் அணைகிறது, இருட்டில் நாற்காலி நகர்கிறது. ஒரு தடவைக்கு 40 வினாடி என்றாலும், இப்படி 30 இடம் இருந்தால் 20 நிமிடம் போயிற்று. பாட்டையும் நடிப்பையும் இத்தனை நாள் தேய்த்து மெருகேற்றியிருப்பீர்கள். இனி உங்கள் வேலை பாட்டுக்குள் நுழையும் இடமும் வெளியே வரும் இடமும்தான். இசை நாடகம் இந்த மூட்டுகளில்தான் விட்டுப்போகும்.

அதனால் இரண்டு மாலைகளை மூட்டுகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். பாட்டுக்கு முந்தைய நாலு வரி வசனம், முதல் இரண்டு வரி பாட்டு, நிறுத்து. கடைசி வரி பாட்டு, அடுத்த காட்சியின் முதல் வசனம், நிறுத்து. சுருதியைத் தனியாகக் கொடுக்கவே கூடாது. கடைசி வசனத்துக்கு அடியிலேயே புல்லாங்குழலோ கீபோர்டோ மெதுவாக அந்த ஸ்வரத்தில் வந்து நிற்கட்டும். வாத்தியக்காரர்களுக்கு 'அவர் கோபப்பட்டதும் ஆரம்பியுங்கள்' என்பதெல்லாம் போதாது. எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும் என்று அந்தச் சொல்லையே அவர்கள் தாளில் எழுதிக் கொடுங்கள். நடுவில் வசனம் பேச வேண்டிய பாட்டுகளில் ஒரு ஆவர்த்தனத்தை, அதாவது ஒரு முழுத் தாளச் சுற்றை, திரும்பத் திரும்பச் சுற்ற வைத்து, பேச்சு முடிந்ததும் நடிகர் கொடுக்கும் சைகையில் அடுத்த அடிக்குப் போகட்டும். கைதட்டல் வந்தால் சமாளிக்கவும் இந்தச் சுற்று உதவும். காட்சி மாற்றத்துக்கு இருட்டு வேண்டாம். கோரஸ்காரர்களே பாடிக்கொண்டே பெஞ்சைத் தூக்கிப் போனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை பாடுபவர்களும் வாசிப்பவர்களும் மட்டும் உட்கார்ந்து 11 பாட்டையும் ஒரு முறை கடக்க வேண்டும். ஆட்டம் கிடையாது, நடமாட்டம் கிடையாது. ஐரோப்பிய ஓபராவில் இதற்கு ஸிட்ஸ்ப்ரோப என்று ஜெர்மன் பெயர் உண்டு, உட்கார்ந்த ஒத்திகை என்று அர்த்தம். அன்றைக்குச் சுருதியையும் வேகத்தையும் பூட்டிவிடுங்கள். உட்கார்ந்து 5 கட்டைச் சுருதியில் சுகமாகப் பாடுகிறவர், ஆடி முடித்த மூச்சோடு அதே மேல் ஸ்தாயியைத் தொட முடியுமா என்று அவரையே கேளுங்கள். சந்தேகம் என்றால் அன்றே அரைக்கட்டை இறக்குங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. வேகத்தை மெட்ரோனோம் எண்ணாகவே குறித்து வையுங்கள். முதல் காட்சியின் படபடப்பில் எல்லாப் பாட்டும் வேகமெடுக்கப் பார்க்கும். மிருதங்கக்காரர் எடுப்புக்கு முன் போனில் ஒரு தடவை அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும்.

போன வருஷம் இழுத்ததற்கு உங்கள் பாடகர்களைத் திட்டியிருந்தால், பாவம், அவர்கள் மேல் தப்பு இல்லை. ஹாலின் பெரிய ஸ்பீக்கர்கள் பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்கும். மேடையில் நிற்பவருக்கு வாத்தியம் ஹாலின் பின்சுவரில் மோதித் திரும்பித்தான் தெளிவாகக் கேட்கும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஹால் 25 மீட்டர் நீளம் என்றால் போக வர 50 மீட்டர், அதாவது வினாடியில் ஏழில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் அது கால் தட்டுக்கும் மேல். பாடகர் தான் கேட்பதோடு சரியாகத்தான் பாடுகிறார், கேட்பதே தாமதமாக வருகிறது.

மேடையின் இரு ஓரங்களிலும் மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது நடிகர்கள் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர், கேளுங்கள். அதில் தாளமும் சுருதி வாத்தியமும் மட்டும் வரட்டும். பாடகர் குரலையும் அதில் ஏற்றினால் மைக் ஊளையிடும். வாத்தியக் குழுவை மேடைக்குக் கீழே தள்ளாமல் பக்கவாட்டில், நடிகர்கள் பார்க்கும்படி உட்கார வையுங்கள். ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஹார்மோனியமும் மிருதங்கமும் மேடை ஓரத்திலேயே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சேர்ந்து ஒத்திகையே பார்க்காத நடிகர்கள் விடிய விடிய நாடகத்தைக் கொண்டு போகிறார்களே, ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதுதான் அங்கே பாதி வேலையைச் செய்கிறது. காலர் மைக்கைச் சட்டையில் குத்தாமல் நெற்றி மேல் முடி ஓரத்தில் ஒட்டினால் தலை திரும்பும்போது சத்தம் ஏறி இறங்காது. 18 பேருக்கும் தனி மைக் தேவையில்லை, கோரஸுக்கு மேடை முன்விளிம்பு மைக்குகள் போதும். சவுண்ட்காரரைக் கெஞ்சியாவது ஒரு ஒத்திகைக்கு வரவழைத்து, வசனப் பிரதியின் எந்தப் பக்கத்தில் யார் மைக் திறக்க வேண்டும் என்று குறித்து அதை அவர் கையில் கொடுங்கள்.

பாட்டு சேர்ப்பது வேண்டாம். கடைசி நேரப் பாட்டு நாடகத்தைக் காப்பாற்றியதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 1962-ல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்கு வந்த 'எ ஃபன்னி திங் ஹாப்பண்ட் ஆன் த வே டு த ஃபோரம்'. வாஷிங்டன் முன்னோட்டக் காட்சிகளில் ஜனங்கள் சிரிக்கவில்லை. இது நகைச்சுவை என்று முதல் பாட்டு சொல்லவே இல்லை என்று இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் கண்டுபிடிக்க, இசையமைப்பாளர் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் வேறு தொடக்கப் பாட்டு எழுதினார், நாடகம் பிழைத்தது. ஆனால் அது தொழில்முறைக் குழு, பார்வையாளர் முன் சோதித்துப் பார்க்க அவகாசமும் இருந்தது. இன்னொன்று, அவர்கள் பழைய பாட்டை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைத்தார்கள். உங்களுக்கோ நேரம் ஏற்கெனவே மீறுகிறது. இரண்டாம் பாதியில் எந்தப் பாட்டு, ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை மறுபடி சொல்கிறது என்று பார்த்து அதில் ஒரு சரணத்தை வெட்டுங்கள். இசையமைப்பாளர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. இந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு வரியும் மாறாது என்று அறிவித்துவிடுங்கள்.

ஹால் கிடைக்கும் வரை அதன் மேடை அளவை ஒத்திகைக் கூடத் தரையில் டேப் ஒட்டி வைத்துப் பழகுங்கள். பிராட்வேயில் இந்தத் தொழில்நுட்ப ஒத்திகைக்கே பல நாள் எடுப்பார்கள், உங்களுக்கு ஒரே நாள்தான். அன்று காலையில் நடிகர்களைக் கூப்பிடாதீர்கள், அது லைட்டுக்கும் சவுண்டுக்கும் உரிய நேரம். மதியத்துக்கு மேல் க்யூ விட்டு க்யூ தாவுங்கள். லைட்டோ ஒலியோ மாறும் இடத்தை மட்டும் செய்து, நடுவில் இருப்பதைத் தாண்டிவிடலாம். பாடகர்கள் அப்போது அரைக்குரலில் பாடினால் போதும். மாலையில் முழு உடை, மேக்கப்போடு நிறுத்தாமல் ஓட்டம். எது உடைந்தாலும் நீங்கள் எழுந்திருக்கக் கூடாது, ஸ்டேஜ் மேனேஜர் பார்த்துக்கொள்வார். குறிப்புகளை ராத்திரி 11 மணிக்கு எல்லோரையும் நிற்க வைத்துப் படிக்காதீர்கள். மறுநாள் காலை அவரவருக்கு வாட்ஸ்அப்பில், அன்றைக்குள் திருத்தக்கூடியதை மட்டும் அனுப்புங்கள்.

அப்புறம், ஹால் மேனேஜரிடம் கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்க எத்தனை வினாடி ஆகும் என்று கேட்டு வையுங்கள். கண் இமைக்கிற நேரம் போனால்கூட டிஜிட்டல் மிக்சர் அணைந்து, மறுபடி எழுந்து வர அதற்கென்று நேரம் எடுக்கும். மிக்சருக்கும் கீபோர்டுக்கும் ஒரு யூபிஎஸ் வாடகைக்கு எடுங்கள். அதையும் மீறி நின்றுபோனால் மைக் இல்லாமல், மிருதங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டைத் தொடரப் போகிறவர் யார் என்று இப்போதே ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.