அடிபட்ட செடிக்கு முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி ஃப்ளாட். மேற்குப் பார்த்த ஜன்னல் திட்டில் ஒரு எச்செவேரியா (தடித்த, சதைப்பற்றுள்ள இலைகள் பூ மாதிரி அடுக்கியிருக்குமே, அந்தச் சின்னச் செடி) வைத்திருந்தேன். காக்கா தட்டிவிட்டதில் தொட்டி கீழே விழுந்து ஒரு பக்கத்து இலைகள் நசுங்கிவிட்டன. பாவமாக இருந்ததால் தினமும் தண்ணீர் ஊற்றினேன், கொஞ்சம் மண்புழு உரமும் போட்டேன். இப்போது அடி இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டாலே உதிர்கின்றன. பிழைக்குமா?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: பிழைக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இன்றைக்கே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். விழுந்த அடி இந்தச் செடிக்குப் பெரிய விஷயமே இல்லை, நசுங்கிய இலை தானாகக் காய்ந்து உதிர்ந்துவிடும். அதற்கப்புறம் ஊற்றிய தண்ணீர்தான் இப்போது அதை வாட்டுகிறது. இலை சுருங்கித் தொய்ந்திருந்தால் தாகம் என்று அர்த்தம். உங்கள் செடியில் இருப்பதுபோல் மஞ்சளாகி, உள்ளே நீர் கோத்து, ஒளி ஊடுருவுகிற மாதிரி தெரிந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் எத்தனையோ நல்ல செடிகள் குப்பைக்குப் போகின்றன.

காயம்பட்ட இலையைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அந்த வடு ஆறாது. நீங்கள் பார்க்க வேண்டியது நடுக்குருத்தையும் தண்டையும். குருத்து கெட்டியாக, நிறம் மாறாமல் இருக்கிறதா? அப்படியென்றால் செடி உங்கள் கையில்தான் இருக்கிறது.

தொட்டியிலிருந்து செடியை எடுத்து, வேரில் ஒட்டியிருக்கும் மண்ணை முழுக்க உதறுங்கள். நர்சரியில் வாங்கிய செடி என்றால் அநேகமாகத் தேங்காய் நார்த்தூளில்தான் இருக்கும். கடையில் நாலு நாள் வாடாமல் நிற்பதற்கு அது வசதி, நம் வீட்டு ஜன்னலில் அதுவே ஈரத்தைப் பிடித்துவைத்து வேரை அழுகவைக்கும். இதைச் சொல்லாமலே விற்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். தண்டு கெட்டியாக, வேர் வெளிறிய நிறத்தில் இருந்தால் வெட்ட வேண்டியதில்லை, அழுகிய இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு நிழலில் சில நாள் காயவைத்தால் போதும்.

தண்டு கருத்து, அழுத்தினால் அமுங்கினால் மட்டும் பிளேடை எடுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, கருப்புக்கு மேலே குறுக்காக வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி தெரிந்தால்கூட அழுகல் மேலே ஏறிவிட்டது என்றுதான் அர்த்தம், அதனால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேலே, முகம் முழுக்கச் சுத்தமான வெளிர்பச்சையாகத் தெரிகிற வரைக்கும் சீவிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடைத் துடைக்க மறக்காதீர்கள். பிறகு அந்தத் தலையை ஒரு காலி டம்ளரின் வாயில், தண்டு காற்றில் தொங்கும்படி உட்காரவைத்து, வெயில் படாத இடத்தில் விட்டுவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட ஐந்தாறு நாள் ஆகலாம், மழைக்காலத்தில் இன்னும் கூடும். மஞ்சள்தூள் தடவலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். தடவினால் கெடுதல் இல்லை, ஆனால் காய்வதுதான் மருந்து. உதிர்ந்த இலைகளில் அடிப்பாகம் கிழியாமல் முழுசாக வந்தவற்றையும் எறியாதீர்கள், காய்ந்த மண்மேல் சும்மா போட்டு வைத்தால் சில வாரத்தில் வேரும் குட்டிச்செடியும் கிளம்ப வாய்ப்பு உண்டு.

புது மண்ணுக்கு ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமனான ஆற்றுமணலோ உடைத்த செங்கல் துண்டோ போதும். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் பொடிக்கல்லும் நன்றாக உதவும், கழுவிவிட்டுப் போடுங்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடற்கரை மணலை மட்டும் அள்ளி வராதீர்கள், உப்பு வேரைக் கொன்றுவிடும். தொட்டியின் அடியில் கட்டாயம் ஓட்டை வேண்டும். உரம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இந்தச் செடியின் சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிகள். பகலில் நல்ல வெளிச்சம், ராத்திரியில் குளிர். இதன் இலைத்துளைகள் ராத்திரியில்தான் திறந்து காற்றை இழுக்கும், பகலில் மூடிக்கொண்டு ஈரத்தைக் காப்பாற்றும். நம் ஊரில் மே மாத ராத்திரியே புழுங்குகிறது, அதனால் கோடையில் அது வளராமல் ஒடுங்கிக் கிடக்கும். அப்போது தண்ணீரைக் குடிக்காது, ஊற்றினால் சூடான தொட்டிக்குள் வேர் வெந்துபோகும். மேற்கு ஜன்னலின் கிரானைட் திட்டு சாயங்கால வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். வேர் பிடிக்கிற வரை கிழக்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள், அது இல்லையென்றால் மெல்லிய திரை போடுங்கள்.

அப்புறம் எப்போது தண்ணீர் ஊற்றுவது? புது வேர் வந்தபிறகுதான். லேசாக இழுத்தால் செடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அதுதான் அடையாளம். அதற்குப் பிறகும் நாள் கணக்கு வேண்டாம். ஒரு ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுங்கள், மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றாதீர்கள். ஊற்றும்போது காலையில், குருத்தில் படாமல், ஓட்டை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள்.

கேள்வி: ஜேட் செடியின் கணுக்களில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ இருக்கிறது. மண்மேலும் வெள்ளை படிகிறது. இரண்டும் ஒன்றா?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: இல்லை. கணுவில் இருப்பது மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள், ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள், முட்டை பொரித்து திரும்ப வரும். அதுவரை மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். மண்மேல் படிவது பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்பு. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு மழைத்தண்ணீரோ குடிக்கிற தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள்.

கேள்வி: ரோட்டோரத் தூசி இலைமேல் படிகிறது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கலாமா?
(வாசகி, ராயபுரம்)

பதில்: வேண்டாம். எச்செவேரியா போன்றவற்றின் இலைமேல் வெள்ளைப் பூச்சு ஒன்று இருக்கும், வெயிலிலிருந்து காப்பது அதுதான், துடைத்தால் அந்த இலையில் திரும்ப வராது. மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டிவிடுங்கள்.